டொமஹாக்: சூட்சுமம் துளையில் இருக்கிறது

1805 பிப்ரவரி. இன்றைய வட டகோட்டா மாநிலத்தில், மிசௌரி ஆற்றங்கரையில் இருந்த மாண்டன் கோட்டையில் தானியம் கரைந்துகொண்டிருந்தது. பசிபிக் கடலுக்கு வழி தேடிப் புறப்பட்ட மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க் குழுவினர் அங்கே பனிக்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாதங்களில் அவர்களுக்குச் சோறு போட்டதில் கொல்லுலைக்குப் பெரிய பங்குண்டு. ஜான் ஷீல்ட்ஸ் முதலிய கொல்லர்கள் சுற்றியிருந்த மாண்டன், ஹிடாட்சா பழங்குடி மக்களுக்குப் போர்க்கோடாரி அடித்துக் கொடுத்தார்கள். டொமஹாக் என்னும் இலேசான கைக்கோடாரியின் ஒரு வகை அது. கூலியாக மக்காச்சோளம் வந்தது. கோடாரி மட்டுமல்ல, பயணத்தில் தீய்ந்து ஓட்டையாகிப்போன இரும்பு அடுப்பைக்கூட வெட்டி விற்றார்கள். நாலங்குலச் சதுரத் தகடு ஒன்றுக்கு ஏழெட்டு காலன் சோளம் கிடைத்ததாக லூயிஸ் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அந்தக் கோடாரியை அவருக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. மெல்லிய அலகு, நீளம் 7 முதல் 9 அங்குலம், வாய் அகலம் ஏறக்குறைய 5 அங்குலம், சிலவற்றில் 6 வரை, காம்போ 14 அங்குலத்தைத் தாண்டுவது அரிது, மொத்த எடை ஒரு பவுண்டு. இவ்வளவு நீண்ட அலகை இவ்வளவு குட்டைக் காம்பில் மாட்டினால் அடி குறி தவறும், வேகமும் இருக்காது, அதிலும் இவர்கள் குதிரை மேலிருந்து வீசுகிறவர்கள் என்று குறைப்பட்டுக்கொள்கிறார். ஆனால் கேட்டவர்களுக்கு அந்த வடிவம்தான் வேண்டியிருந்தது. கொல்லர்களும் அதையே அடித்தார்கள். அடுத்த ஆண்டு, மலைகளுக்கு அப்பால் நெஸ் பெர்ஸ் மக்களிடம் போனபோது, ஷீல்ட்ஸ் அடித்த கோடாரி அவர்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. கைமாறிக் கைமாறி நூற்றுக்கணக்கான மைல் பயணம்.

டொமஹாக் என்றதும் பெரும்பாலோர் மனதில் எழுவது இறகுத் தலைப்பாகையும் போர்க்கூச்சலும். அதன் வரலாற்றில் பெரும்பகுதி கடைச்சரக்கின் வரலாறு. சுமக்க எளிதாக, பண்டமாற்றுக்கு ஏற்றதாக, காம்பு இல்லாமலே விற்கக் கூடியதாக உருவான பொருள் அது. இன்று அதைச் சேகரிப்பவர்களும் சரி, முகாமுக்கு இடுப்பில் செருகிக்கொண்டு போகிறவர்களும் சரி, இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் எதை வாங்குவது, எதை விடுவது என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஐரோப்பியர் வருவதற்கு முன்பே வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் இருந்த மக்களிடம் தேய்த்து மெருகேற்றிய கல் கோடாரிகளும் கனமான மரத் தண்டங்களும் இருந்தன. 17ஆம் நூற்றாண்டில் பீவர் என்ற விலங்கின் தோலுக்காகக் கப்பலேறி வந்த பிரெஞ்சு, டச்சு, ஆங்கில வணிகர்கள் இரும்புத் தலைகளைக் கொண்டுவந்தார்கள். ஐரோப்பாவில் தொப்பி செய்ய பீவர் ரோமத்துக்கு அவ்வளவு கிராக்கி. பீப்பாயில் அடுக்கினால் நூறு இரும்புத் தலை கொள்ளும். காம்போடு அடுக்கினால் பத்துகூடக் கொள்ளாது. காடெங்கும் மரம் இருக்கும்போது காம்பை எதற்குக் கடல் தாண்டிச் சுமக்க வேண்டும்?

தலையைச் செய்த விதமும் அதற்கேற்ப எளிது. நீண்ட இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, ஒரு முளையைச் சுற்றி மடித்து, இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து அடித்து ஒட்டிவிடுவார்கள். முளை இருந்த இடம் துளையாகிவிடும். ஒட்டும்போது இரு முனைகளுக்கும் இடையில் ஒரு எஃகுத் துண்டைச் செருகினால் அதுவே வெட்டு வாய். எஃகு விலை அதிகம், இரும்பு மலிவு. ஆகவே கூர் நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் எஃகு. துளை உருண்டையாகவோ கண்ணீர்த் துளி வடிவிலோ அமையும்.

நம் சம்மட்டியிலும் சாதாரணக் கோடாரியிலும் காம்பின் முனையைக் கீழிருந்து துளைக்குள் நுழைத்து, மேலே ஆப்பு அடித்து இறுக்குகிறோம். டொமஹாக்கில் ஆப்பு கிடையாது. காம்பு மேல்நுனியில் பருத்து, பிடிப்பக்கம் சிறுத்திருக்கும். அதைத் துளையின் மேலிருந்து நுழைத்து, பருத்த பகுதி இறுகும்வரை கீழே இழுக்க வேண்டும். கிணறு வெட்டும் குந்தாலியில் காம்பு போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வீசும் ஒவ்வொரு வீச்சிலும் தலை வெளிநோக்கி இழுபடும். இழுபட இழுபட இன்னும் இறுகும்.

இதில் புதிதாகக் கையாளுகிறவர்கள் தடுமாறும் ஓர் இடம் உண்டு. ஆப்பு வைத்த கோடாரி ஆடினால் என்ன செய்கிறோம்? தலை மேலே இருக்கும்படி நிறுத்தி, காம்பின் அடியைக் கட்டையில் ஓங்கித் தட்டுகிறோம். தலை கீழிறங்கி இறுகிக்கொள்கிறது. டொமஹாக்கை அப்படித் தட்டினால் தலை கழன்று கையருகே வந்து நிற்கும். தலைகீழாகப் பிடித்து, துளைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் காம்பு நுனியைத்தான் கட்டையில் தட்ட வேண்டும். மாலையில் வேலை முடிந்து கழற்ற வேண்டும் என்றால் முதல் முறை. ஒரே அசைவு, திசை மட்டும் வேறு.

கழற்ற முடிகிறது என்பதுதான் இதன் உயிர். காட்டில் காம்பு முறிந்தால், ஆப்பு வைத்த கோடாரியின் துளைக்குள் சிக்கிய கட்டையைத் தோண்டி எடுப்பதற்குள் பொழுது போய்விடும். டொமஹாக்கின் துளையில் எதுவும் சிக்காது. நேரான இளமரம் ஒன்றைச் சீவிச் செருகினால் அன்றைய வேலைக்குப் போதும். தலையைத் தனியே கையில் பிடித்தால் தோல் சுரண்டலாம், மீன் அரியலாம், அடுப்பு மூட்ட மரச்சுருள் சீவலாம். காம்பில்லாத தலையை முதுகுப் பையின் ஓரத்தில் போட்டால் இடமே அடைக்காது.

போர் இதில் இல்லாமல் இல்லை. 1757இல், அமெரிக்கக் காலனிகளில் பிரிட்டிஷ் பக்கம் போரிட்ட ராபர்ட் ராஜர்ஸ் தம் ரேஞ்சர் படையினருக்கு எழுதிய விதிகளில் ஒவ்வொருவரும் துப்பாக்கி, அறுபது சுற்றுத் தோட்டா மருந்து, ஒரு கைக்கோடாரி ஆகியவற்றுடன் தயாராக இருக்க வேண்டும் என்றது முதல் விதி. 1775 ஜூலையில் அமெரிக்கக் காலனிகளின் பேரவை குடிப்படையினருக்கான உபகரணங்களைப் பட்டியலிட்டபோது, வாள் அல்லது டொமஹாக் என்று எழுதியது. வாள் வாங்க வசதி இல்லாதவன் வீட்டிலும் கைக்கோடாரி இருக்கும் என்ற கணக்கு அதில் தெரிகிறது. பகலில் விறகு பிளந்ததே இரவில் ஆயுதம்; இரண்டுக்கும் தனித்தனியாகச் சுமக்க யாருக்கு முதுகு இருந்தது?

18ஆம் நூற்றாண்டில் வந்த புகைக்குழல் டொமஹாக் இந்த வரலாற்றின் விசித்திரமான குழந்தை. ஒரு பக்கம் கோடாரி வாய், பின்பக்கம் புகையிலைக் கிண்ணம், காம்பு முழுவதும் துளையிட்ட குழல். ஆஷ் மரத்தின் மென்மையான உள்நடுவைப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் எரித்துத் துளை போடுவார்கள். ஒரே பொருளில் சண்டையும் சமாதானமும் இருந்ததால் அரசுகள் அதைப் பரிசாகக் கொடுக்கத் தொடங்கின. வெள்ளி பதித்து, பெயர் பொறித்து, உடன்படிக்கை மேசைகளில் கைமாறியவை பல. விறகு வெட்டுவதற்கு இதைப் போல மோசமான கோடாரி கிடைக்காது. அலகு மெல்லியது, பின்பக்கத்தில் கிண்ணம் இருப்பதால் எதையும் தட்ட முடியாது, காம்பின் உள்ளே வெற்றிடம். இன்று சந்தையில் அதிக விலைக்குப் போவதும் இதுதான். அழகுக்குக் கொடுக்கும் விலை அது.

சேகரிப்பு உலகின் சிக்கல்களைச் சொல்ல இரண்டு புகைக்குழல் டொமஹாக்குகளே போதும். செனெகா மக்களின் தலைவர் கார்ன்பிளான்டருக்கு ஜார்ஜ் வாஷிங்டன் 1790களில் கொடுத்ததாகக் கருதப்படும் ஒன்று, நியூயார்க் மாநில அருங்காட்சியகத்தில் ஒரு நூற்றாண்டு இருந்தது. அதை அங்கே சேர்த்தவர் எலி பார்க்கர். செனெகாக்காரர், பின்னாளில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபகுதித் தளபதி ஜெனரல் கிராண்டின் ராணுவச் செயலாளராக இருந்து, அப்போமாட்டாக்ஸ் என்ற ஊரில் தென்பகுதிப் படையின் சரண் ஒப்பந்தத்தைத் தம் கையால் எழுதியவர். 1947க்கும் 1950க்கும் இடையில் அது காணாமல் போனது. 2018இல் பெயர் சொல்ல விரும்பாத சேகரிப்பாளர் ஒருவர் திருப்பிக் கொடுத்தார். எழுபது ஆண்டு எந்தெந்த வீட்டுச் சுவரில் தொங்கியதோ. அதிலே இன்னொன்று: இப்போது அதில் இருக்கும் காம்பு வாஷிங்டன் காலத்தது அல்ல, பார்க்கர் மாற்றிப் போட்டது. பழைய கருவிகளைப் பொறுத்தவரை இதைக் குறை என்று நினைப்பவர் சேகரிப்பை விட்டுவிடலாம். தலை நிற்கும், காம்பு தேயும். இரண்டும் ஒரே வயது என்று விற்பவர் சொன்னால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

மற்றொன்று போன்கா மக்களின் தலைவர் ஸ்டாண்டிங் பேர் வைத்திருந்தது. தம் மகனைச் சொந்த மண்ணில் அடக்கம் செய்யத் திரும்பி வந்ததற்காகக் கைது செய்யப்பட்ட அவர், 1879இல் நெப்ராஸ்காவின் ஓமாஹா நகரில் நடந்த வழக்கில், பழங்குடியினரும் சட்டத்தின் கண்ணில் மனிதரே என்ற தீர்ப்பைப் பெற்றார். நன்றியாக வழக்கறிஞர் ஜான் லீ வெப்ஸ்டரிடம் தம் புகைக்குழல் டொமஹாக்கைக் கொடுத்தார். அது பின்னர் தனியார் சேகரிப்புக்குப் போய், 1982இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பீபாடி அருங்காட்சியகத்தை அடைந்து, 2022இல் போன்கா மக்களிடமே திரும்பியது. திருட்டும் இல்லை, பறிப்பும் இல்லை, கொடுத்தது அவரே. ஆனாலும் அது திரும்பியது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒருவருக்குக் கொடுத்த அன்பளிப்பு, மூன்றாம் மனிதரின் கண்ணாடிப் பெட்டிக்குச் சொந்தம் ஆகிவிடாது.

இவ்வளவு மதிப்பு இருக்கும் இடத்தில் போலி இல்லாமல் இருக்குமா? அலங்காரத்துக்கென்று வார்த்தெடுத்த புகைக்குழல் டொமஹாக்குகள் ஏராளமாக உலவுகின்றன. வார்ப்படத்தில் இரு அச்சுகள் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஓடும். அதை அரத்தால் தேய்த்திருந்தாலும் துளைக்குள்ளே தப்பியிருக்கும். அடித்துச் செய்த தலையில் வேறு தடயங்கள்: மடிப்பின் ஒட்டுக்கோடு, வாயருகே எஃகும் இரும்பும் சேரும் இடத்தில் நிற மாற்றம், துளையின் உட்சுவரில் முளையின் தடம். காம்பின் புகை இழுக்கும் நுனியில் ஊதிப் பார்க்கலாம். காற்று கிண்ணத்துக்குள் வரவில்லை என்றால், குழல் அடைபட்டிருந்தாலொழிய, அந்தக் காம்பில் யாரும் புகைத்ததில்லை. வந்தாலும் அசல் என்று அர்த்தமில்லை, துளைபோடும் எந்திரம் எல்லோரிடமும் இருக்கிறது.

20ஆம் நூற்றாண்டில் டொமஹாக் பெரும்பாலும் பழங்காலத் துப்பாக்கிப் பிரியர்களின் கூட்டங்களில் உயிர் பிழைத்திருந்தது. மான் தோல் சட்டை போட்டு, எல்லைப்புற வாழ்க்கையை நடித்துப் பார்த்து, மரக்கட்டையில் வீசிப் பழகுகிறவர்கள். அதைப் படைவீரர் கைக்கு மீண்டும் கொண்டுபோனவர் பீட்டர் லகானா. மோஹாக் வம்சாவளியினர், இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர். 1966 முதல் 1970 வரை அவருடைய அமெரிக்கன் டொமஹாக் கம்பெனி ஏறக்குறைய நாலாயிரம் விற்றது. பெரும்பாலானவற்றை வியட்நாமுக்குப் போன வீரர்கள் தம் சொந்தக் காசில் வாங்கினார்கள். ஒரு பக்கம் சிறிய வளைந்த வாய், மறுபக்கம் கூரான முள். 2000க்குப் பிறகு அந்த வடிவம் உயிர்பெற்று, ஆப்கானிஸ்தான், ஈராக் போர்களில் கதவை நெம்பவும் வண்டியிலிருந்து வெளியேறவும் உதவியது.

அங்கிருந்து கிளைத்ததுதான் இன்றைய கறுப்பு நிற, காம்பும் தலையும் ஒரே எஃகுத் தகட்டில் வெட்டிய வகை. டென்னசியின் சாட்டனூகாவில் இயங்கும் ஆர்எம்ஜே டாக்டிகல் போன்ற பட்டறைகள் இதை நேர்த்தியாகச் செய்கின்றன. விலை பல நூறு டாலர். கதவை உடைக்க, தகட்டைக் கிழிக்க, நெம்ப இதை மிஞ்ச முடியாது. காட்டுக்கு இது வேண்டாம் என்பேன். காம்பும் எஃகாக இருப்பதால் எடை தலையில் குவியாமல் கைவரை பரவிவிடுகிறது. மொத்தம் கனக்கும், அடிக்கும் அடியில் கனம் இருக்காது. தலை தட்டையான தகடு. கன்னம், அதாவது தலையின் பக்கவாட்டு, புடைத்திருக்காது, ஆகவே மரத்துக்குள் இறங்கும், பிளக்காது, அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு அடியின் அதிர்வும் மணிக்கட்டுக்கு வரும். பின்பக்க முள்ளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விறகு வெட்டும்போது அது ஓங்குகிறவரின் நெற்றியையும் தோளையும் பார்த்தபடி ஏறி இறங்குகிறது.

மரக்காம்பு டொமஹாக்கும் நல்ல கோடாரிக்கு ஈடாகாது. இதை ஒப்புக்கொள்ள அதன் ரசிகர்களுக்கு மனம் வராது. தலை எடை ஒரு பவுண்டு, சில சமயம் அதற்கும் கீழே. ஸ்வீடனின் கிரான்ஸ்ஃபோர்ஸ் பட்டறை செய்யும் சிறு காட்டுக் கோடாரியின் தலை ஒன்றரை பவுண்டு. அந்த அரை பவுண்டும் புடைத்த கன்னமும் சேர்ந்து, தொடை கனமுள்ள மரத்தில் வேலையைப் பாதியாக்கிவிடும். டொமஹாக்கின் இடம் அதற்குக் கீழே: மணிக்கட்டு கனக் கிளைகளைக் கழிப்பது, கூடாரக் கம்பு வெட்டி நுனி சீவுவது, சுள்ளி தயாரிப்பது. பின்பக்கம் சுத்தியல் போல் தட்டையாக இருந்தால் முளை அடிக்கலாம். மெல்லிய வாய் பச்சை மரத்தில் ஆழமாகக் கடிக்கும். ஒரு மடக்கு ரம்பம் கூட இருந்தால், வார இறுதி முகாமுக்கு இதற்கு மேல் தேவைப்படுவதில்லை.

விறகு பிளக்கும்போது ஓங்கி வெட்டக் கூடாது. இலேசான தலை சறுக்கினால் முழங்காலை நோக்கித்தான் வரும். வாயை விறகுத் துண்டின் மேல்முனையில் பதித்து, டொமஹாக்கையும் விறகையும் ஒன்றாகத் தூக்கி, இரண்டையும் சேர்த்து அடிக்கட்டையில் தட்ட வேண்டும். முதல் தட்டில் கடிக்கும், இரண்டாவதில் விரிசல் விழும். அப்போது காம்பை இலேசாக முறுக்கினால் துண்டு பிரிந்துவிடும். மண்டியிட்டுச் செய்வது இன்னும் நல்லது; தவறினாலும் அடி மண்ணில்தான் விழும்.

கடையில் வாங்கியதைக் கையோடு காட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது என்பது இந்தப் பொழுதுபோக்கின் பாதி சுவை. கோல்டு ஸ்டீல் நிறுவனத்தின் டிரெயில் ஹாக் போன்ற மலிவு ரகத்தை எடுத்துக்கொள்வோம். 1055 கார்பன் எஃகில் அடித்த தலை, ஹிக்கரி மரக் காம்பு, மேலே கறுப்புப் பூச்சு, துளையின் பக்கவாட்டில் தலையைப் பிடித்து நிறுத்த ஒரு சிறு திருகு. அதைத்தான் முதலில் கழற்றி எறிய வேண்டும். அதன் நுனி மரத்தைக் குடைந்து, பிற்காலத்தில் காம்பு முறியத் தொடங்கும் புள்ளியாக அது மாறிவிடுகிறது. துளை சரியாகப் பொருந்தாததை மறைக்கத்தான் திருகே இருக்கிறது.

பொருத்தும் வேலைக்குப் பொறுமை வேண்டும். துளைக்குள் பிசிறு இருந்தால் அரைவட்ட அரத்தால் தேய்த்து எடுங்கள். காம்பை மேலிருந்து நுழைத்து, நுனியை மரச் சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டி இறுக்கி, பிறகு கழற்றிப் பாருங்கள். இரும்பு அழுத்திய இடங்களில் மரம் கறுத்துப் பளபளக்கும், அவைதான் மேடுகள். அவற்றை மட்டும் சீவுங்கள். மீண்டும் போட்டு, தட்டி, கழற்றிப் பாருங்கள். தொடக்கத்தில் இரண்டு மூன்று திட்டுகளாக இருக்கும் கறுப்பு, போகப் போகத் துளையின் உயரம் முழுக்க வளையமாகப் பரவும். அப்படிப் பரவியபின் தலை தானாக ஆடாது. ஒரே மூச்சில் நிறையச் சீவினால் தலை காம்பின் உச்சியைத் தாண்டிப் போய்விடும். பிறகு புதுக் காம்புதான்.

கறுப்புப் பூச்சைச் சுரண்டிவிட்டு வினிகர் தடவி வைத்தால் எஃகு சாம்பல் நிறத்துக்கு வரும். துருவை ஓரளவு தடுக்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும் வாய் வீசி எறியும் விளையாட்டுக்காகத் தடிப்பாக விடப்பட்டிருக்கும். தீட்டுக்கல்லை எடுப்பதற்கு முன், வாயின் இருபுறமும் தடித்திருக்கும் தோள்களை அரத்தால் இறக்க வேண்டும். இந்த எஃகுக்குக் கொடுக்கும் பதம் கத்தியைவிட மென்மையானது, அதனால் அரம் நன்றாகப் பிடிக்கும். கல்லில் பட்டால் வாய் மடங்கும், சில்லு தெறிக்காது. மடங்கியதை வழியிலேயே அரத்தால் சரிசெய்யலாம். காம்பின் வார்னிஷைத் தேய்த்து எடுத்து, ஆளிவிதை எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினால் போதும். வார்னிஷ் போட்ட காம்பு வியர்வைக் கையில் வழுக்கும், கொப்புளமும் போடும்.

வறண்ட பருவத்தில் மரம் சுருங்கி, தலை தளர்ந்து கீழிறங்கும். தண்ணீரில் ஊறவைத்தால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். ஆகும், அன்று மாலை வரை. ஊறி உப்பும்போது துளைக்குள் நசுங்கிய நார்கள், காய்ந்ததும் முன்பைவிடச் சிறுத்துவிடும்; அடுத்த நாள் இன்னும் அதிகமாக ஆடும். நுனியைக் கட்டையில் தட்டி இறுக்குவதே வழி. அதற்கும் மசியாவிட்டால் துளைக்கும் காம்புக்கும் இடையில் மெல்லிய தோல் துண்டு ஒன்றைச் சுற்றி இறுக்கலாம்.

எறிந்து விளையாடுவதற்கும் வேலைக்கும் ஒரே டொமஹாக்கை வைத்துக்கொள்ள வேண்டாம். குறி தவறிய ஒவ்வொரு எறியிலும் அடி காம்பில் விழுகிறது. இழையோட்டம் நேராக உள்ள ஹிக்கரிகூட அதை நெடுநாள் தாங்காது. எறிகிறவர்கள் காம்பைக் கட்டுக்கட்டாக வாங்கி வைக்கிறார்கள். புதுக் காம்பு வாங்கும்போது அதன் அடிநுனியைத் திருப்பிப் பாருங்கள். அங்கே தெரியும் வளர்ச்சி வளையக் கோடுகள் வெட்டு வாயின் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.